பிலிபஸ்டர்: ஆறலைப்பா, முட்டுக்கட்டையா?

நண்பர்களே,
இன்றிரவு பக்கம் முடிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு மானியம் பற்றிய கட்டுரை. 2021இல் கூட்டித் தந்த மானியம் 2025 முடிவோடு நின்றது; அதை மூன்றாண்டு நீட்டிக்கும் மசோதா அந்த டிசம்பரில் அமெரிக்க மேலவையான செனட்டுக்கு வந்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 48. மசோதா நகரவில்லை! பிழை திருத்துபவர் 51ஐச் சுற்றி வட்டம் போட்டு, ‘எண்கள் இடம் மாறிவிட்டனவா?’ என்று கேட்டிருக்கிறார். விவாதத்தை முடிக்கவிடாமல் மசோதாவை மறிக்கும் பிலிபஸ்டரைச் சொல்லாமல் விளக்க முடியாது. அதற்குத் தமிழில் ‘நெடும்பேச்சுத் தடை’ சரியா?
– க.

நெடும்பேச்சு 1957க்குச் சரி. குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். இப்போது யார் பேசுகிறார்கள்? விவாதத்தை முடிக்க 100இல் 60 வாக்கு வேண்டும். 41 பேர் வாயே திறக்காமல் மறித்துவிடலாம்.
– செ.

பிலிபஸ்டரின் வேரைப் பாருங்கள். கொள்ளையனைக் குறித்த டச்சுச் சொல், ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்மிடம் பொருநராற்றுப்படையின் ‘ஆறலை கள்வர்’ இருக்கிறார்களே! ஆறு என்றால் வழி; அலைத்தல் என்றால் வருத்துதல். ஆகவே ‘ஆறலைப்பு’. அலைக்கழிப்பும் இந்த அலையிலிருந்துதான் என்பது என் துணிபு. அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால்...
– புலவர் ம.

ஐயா, ஆறலைப்பு என்றால் என் மாணவர்கள் காவிரியில் அலையடிக்கிறது என்பார்கள். முட்டுக்கட்டை போதுமே. தேர்வடத்தை ஆயிரம் பேர் இழுத்தாலும், சக்கரத்தடியில் ஒருவர் கட்டையைச் செருகினால் தேர் நின்றுவிடும்.
– வ.

அக்கா, அந்தக் கட்டை தேரைத் திருப்பவும்தான். அதோடு, 2025 அக்டோபரில் தொடங்கிய 43 நாள் அமெரிக்க அரசு முடக்கத்துக்கும் பத்திரிகைகள் முட்டுக்கட்டை என்றுதான் எழுதின. அப்போது நிதி மசோதாவை மறித்தது ஜனநாயகக் கட்சி; டிசம்பரில் மானியத்தை மறித்தது குடியரசுக் கட்சி. இருவருக்கும் ஆயுதம் ஒன்றே. கள்வர் என்று பொருள்படும் சொல்லைப் போட்டால், யார் மறிக்கிறார்களோ அவர்களைத் திட்டியதாகிவிடும்.
– செ.

‘அறுபது வாக்குத் தடை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பிலிபஸ்டரையும் சேர்த்துவிட்டேன். பக்கம் போய்விட்டது. நன்றி.
– க.

விவாதத்தை முடிக்க 1975 வரை மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. நாளை 60ஐ 55 ஆக்கினால் என்ன செய்வீர்கள்?
– வ.

என் மறுப்பைப் பதிவு செய்க. அலைத்தல் பற்றித் தனி மடல் நாளை வரும்.
– புலவர் ம.