ஒரே ஒரு மாலை: சார் கொய்தியாவா, ஹொக்கியன் மீயா?

கிள்ளான்வாசி: அடுத்த வாரம் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுன் போகிறேன். ஒரு வேளைதான் சாப்பிட நேரம். எதைச் சாப்பிடலாம்? கோலாலம்பூரில் கறுப்பாக வறுத்த ஹொக்கியன் மீ சாப்பிட்டிருக்கிறேன். அதேதானா?

பட்டர்வொர்த்காரி: இல்லை தம்பி, பெயர் மட்டும்தான் ஒன்று. கோலாலம்பூரில் தடித்த மஞ்சள் மீயை, அதாவது நூடுல்ஸை, கறுப்பு சோயா சாஸில் வறுப்பார்கள். பினாங்கில் அது சூப். இறால் தலையையும் ஓட்டையும் வறுத்து, பன்றி எலும்போடு மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். மஞ்சள் மீ, மீஹூன் என்ற மெல்லிய அரிசி மீ, கங்குங் கீரை, அவித்த முட்டை, மேலே ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல். சம்பலைக் கலக்கியதும் சூப்பின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும்.

ஆனால் ஒரே வேளை என்றால் நான் சார் கொய்தியாவ்தான் சொல்வேன். தட்டையான அரிசி மீ, இறால், சிப்பி, முட்டை, தவ்கே (முளைப்பயறு), குச்சாய் (பூண்டு வாசனைக் கீரை). நல்ல கடையில் ஒவ்வொரு தட்டாகத்தான் வறுப்பார்கள். மொத்தமாகப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, மீ வறுபடாமல் வெந்துவிடும். மீயின் ஓரம் லேசாகக் கருகியிருக்க வேண்டும், தவ்கே கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். காத்திருந்தாலும் பரவாயில்லை, சுடச்சுடச் சாப்பிடுங்கள். ஆறினால் பிசுபிசுத்துவிடும். பொட்டலம் கட்டவே கட்டாதீர்கள்!

கிள்ளான்வாசி: நன்றி அக்கா. நான் பன்றி சாப்பிட மாட்டேனே?

பட்டர்வொர்த்காரி: அப்படியென்றால் ஹொக்கியன் மீ வேண்டாம், சூப்பிலேயே எலும்பு இருக்கும். கொய்தியாவையும் பல கடைகளில் பன்றிக்கொழுப்பில்தான் வறுப்பார்கள். ஹலால் கடையாகப் பார்த்துப் போங்கள். வாத்து முட்டை இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள்.