இரண்டு கூட்டங்களுக்குப் போனேன், இரண்டும் ஒட்டவில்லை. எனக்கான கூட்டத்தை எப்படித் தேடுவது?

கரையோரம்:
குடியை விட்டு இன்றோடு 41 நாள். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தினேன், உடம்பு இப்போது பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணியானால்தான் தொல்லை. தனியாகச் சமாளிக்காதே என்று மருத்துவர் சொன்னதால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் இரண்டுக்குப் போனேன். முதலாவதில் முக்கால்வாசி நேரம் கடவுள் பேச்சு, எனக்கோ அந்த நம்பிக்கை கிடையாது. இரண்டாவதில் வேலை, வீடு, குடும்பம் என எல்லாம் போனவர்களின் கதை. எனக்கு மூன்றும் இருக்கிறது. 'நாம் அந்த அளவுக்குப் போகவில்லையே' என்று தோன்றிவிட்டது, திரும்பும் வழியில் மதுக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கவில்லை. கோளாறு கூட்டத்திலா என்னிடமா?

பழையநாற்காலி:
வாங்காமல் வந்தீர்களே, முதலில் அதற்கு ஒரு சபாஷ்.

'அந்த அளவுக்குப் போகவில்லையே' என்ற நினைப்பு எனக்கும் வந்தது, அதை நம்பி இன்னும் மூன்று வருடம் குடித்தேன், அப்புறம் 'அந்த அளவு' தானாக வந்து சேர்ந்தது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் ஆசை. எவ்வளவு இழந்தீர்கள் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவர்கள் கதையில் நடந்த சம்பவத்தை விடுங்கள், பாட்டிலை ஒளித்து வைக்கும்போது மனசு என்ன பாடு பட்டது என்பதைக் கேளுங்கள், அங்கே உங்களைப் பார்ப்பீர்கள்.

ஆனால் எல்லாக் கூட்டமும் ஒன்றில்லை. ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நடப்பது. மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும், திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். ஒருவரே நீளமாகத் தன் கதை சொல்லும் கூட்டம் உண்டு, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும் கூட்டம் உண்டு, தலைப்பு வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் பகிர்வதும் உண்டு. நீங்கள் போனது எது என்று தெரியாமலே முடிவு கட்டிவிட்டீர்கள் என நினைக்கிறேன். ஐந்தாறு கூட்டமாவது பாருங்கள். கூட்டம் முடிந்து நாற்காலியை மடக்கி வைக்கும்போது உடனே ஓடிவிடாமல் ஒரு கை கொடுங்கள். எனக்கு உதவிய பேச்செல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததுதான்.

நம்பாதவன்:
கடவுள் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. படிகளில் 'நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்' என்று வரும், சிலர் அந்த இடத்தில் குழுவையே வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒப்பேற்றுவது மாதிரி இருந்தது. கடவுள் பேச்சைத் தவிர்க்கும் ஏ.ஏ. குழுக்களும் இருக்கின்றன, இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

நான் நிலைத்தது ஸ்மார்ட் ரெகவரி என்ற இன்னொரு சுயஉதவி அமைப்பில். 1994இல் தொடங்கியது, சிந்தனை-நடத்தை சிகிச்சை முறைகளை அடிப்படையாகக் கொண்டது. ஸ்பான்சர், அதாவது புதியவருக்குத் துணையாக வழிகாட்டும் பழைய உறுப்பினர், கிடையாது, 'நான் குடிநோயாளி' என்று சொல்லித் தொடங்கவும் வேண்டாம். ஏ.ஏ.வில் ஒருவர் பேசினால் பொதுவாக மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, இங்கே உரையாடலே நடக்கும். குடிப்பதால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று தாளில் எழுதச் சொன்னார்கள், லாபப் பக்கத்திலும் நேர்மையாக எழுதச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. குறை என்னவென்றால் ஏ.ஏ. அளவுக்கு எங்கும் கிடைக்காது, பெரும்பாலும் ஆன்லைன்தான்.

அதற்காக ஏ.ஏ.வை மட்டம் தட்டவும் மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வுக்கு முறையாக வழிநடத்தும் சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளை முந்தின. எனக்கு ஒத்துவராதது உங்களுக்கு ஒத்துவரலாம்.

ஈரத்துணி:
நீங்கள் ஆணா பெண்ணா தெரியாது, பெண்ணாக இருந்தால் பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் ஒன்றையாவது பாருங்கள். 'விமன் ஃபார் சோப்ரைட்டி' என்ற தனி அமைப்பே 1975இலிருந்து இருக்கிறது. குழந்தையை வைத்துக்கொண்டு குடித்ததைக் கலப்புக் கூட்டத்தில் எட்டு மாதம் நான் வாய்திறந்து சொல்லவில்லை, பெண்கள் கூட்டத்தில் இரண்டாம் வாரமே சொன்னேன்.

யாராக இருந்தாலும் இரண்டு விஷயம். புதிதாக வருகிறவரிடம் உதவுகிற சாக்கில் நெருங்கும் ஆட்கள் உண்டு, அதற்கு 'பதின்மூன்றாம் படி' என்று கேலிப்பெயரே இருக்கிறது. அதனால் உங்களைக் காதல் கண்ணோடு பார்க்க வாய்ப்பில்லாத ஒருவரை ஸ்பான்சராக வையுங்கள். அடுத்தது, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது ஏ.ஏ.வின் கொள்கையும் இல்லை. உண்டியல் சுற்றி வரும், புதியவர் போட வேண்டிய அவசியமில்லை.

பழையநாற்காலி:
ஒன்றை விட்டுவிட்டேன். நடுவில் சறுக்கிப் பல நாள் தொடர்ந்து குடிக்க நேர்ந்தால், சட்டென்று தனியாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மறுபடி மருத்துவரிடம்தான். அப்புறம் வெட்கப்படாமல் கூட்டத்துக்கும் வாருங்கள்.

கரையோரம்:
50ஆம் நாள். ஸ்மார்ட் ஆன்லைன் கூட்டத்தில் கேமராவை மூடிவிட்டு உட்கார்ந்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆச்சரியம், முதலில் போன அதே ஏ.ஏ. குழுவுக்கு வேறொரு நாள் போனால் நடத்துபவர் மாறியிருந்தார், கடவுள் பேச்சு பாதிகூட இல்லை. நாற்காலி மடக்கினேன். பக்கத்தில் மடக்கியவர் தன் எண்ணைக் கொடுத்து, ஆறு மணிக்குச் சும்மா கூப்பிடுங்கள் என்றார்.

ஈரத்துணி:
கூப்பிட்டீர்களா?

கரையோரம்:
நேற்று. என்ன பேசுவதென்று தெரியவில்லை, அதையே சொன்னேன். அவர் பல்பு மாற்றிக்கொண்டிருந்தாராம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏணியில் நின்றபடியே பேசினார். வைக்கும்போது மணி ஏழு.