புதுமைப்பித்தனைப் படித்து அசடு வழிந்தவர்கள் உண்டா?

காட்பாடிக்காரன்:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. காட்பாடி ஜங்ஷன், சென்னை வண்டி லேட், கையில் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்', ரெண்டு பக்கம்கூடத் தாண்டவில்லை. பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கடவுள் பில் குடுத்துட்டாரா?" என்றார். நான் பெரிய இவன் மாதிரி, "இது பக்திப் புத்தகம் இல்லைங்க ஐயா, சிறுகதை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். வாலாஜா ரோடு தாண்டும்போதுதான் அந்த இடம் வந்தது: சிக்கரி போட்ட காப்பி, பில்லுக்குக் கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு. எழுந்து ரெண்டு பெட்டி தேடினேன், ஆள் இல்லை. திருநெல்வேலி எழுத்தாளரைக் கரைத்துக் குடித்தவர் நம்ம பக்கம் இருப்பார் என்று யார் கண்டது?

குடியாத்தம் பொண்ணு:
ஏன், நாங்கள் படிக்க மாட்டோமா? சிரிக்கிற கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், புதுமைப்பித்தனின் நக்கல் குத்துவது 'பொன்னகரம்' கதையில்தான். பன்னிரண்டாவது படிக்கும்போது அம்மா பீடி இலையைத் தகடு வைத்து வெட்டிக்கொண்டிருக்க, நான் சத்தமாக வாசித்தேன். புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதிக்கிற இடம் வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. கத்திரியும் நின்றது. "முக்கால் ரூபாய்க்கு அப்போ எத்தனை பீடி சுத்தணும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், கத்திரி மறுபடி ஓட ஆரம்பித்தது. கடைசியில் கற்பைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அதை நான் வாசிக்கவே இல்லை.

ராணிப்பேட்டை ரிட்டயர்டு:
தம்பி, திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பூர்வீகம்தான் அது. பிறந்தது 1906ல் திருப்பாதிரிப்புலியூர். அப்பா தாசில்தார், சின்ன வயசு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று தென்னாற்காட்டில்தான் ஓடியது. என் அனுபவம் சின்னது: பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்த எழுத்தாளர் என்று இவர் பேரைச் சொன்னேன், "வைத்தியம் பார்த்தாச்சா?" என்றார் வருங்கால மாமனார். சரி, புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ரயிலில் படிக்காதீர்கள், பாதி நக்கல் தவறிப்போகும். 2002ல் நாட்டுடைமை ஆனதால் ஆளாளுக்குப் பதிப்பு போடுகிறார்கள், பிழை பார்த்து வாங்குங்கள். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போய், காசநோயோடு திரும்பி 1948ல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார் மனிதர். ஆகவே ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அலட்சியம் வேண்டாம், சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

காட்பாடிக்காரன்:
எனக்கு இருமல் இல்லைங்க ஐயா. அந்தப் பெரியவர் வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சப்பை. யாராவது பார்த்தால் சொல்லுங்கள், கடவுள் பில் கொடுத்துவிட்டாராம்.