பிராம்ப்ட்டுக்கு என்ன சொல்? தூண்டி வேண்டாம்

வியாசர்பாடியிலிருந்து:
கேள்வி-பதில் தளத்தின் தமிழ்ச் சரங்களை, அதாவது திரையில் தெரியும் வாசகங்களை, நாளைக் காலை 10 மணிக்குள் ஏற்றியாக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். கேள்விப் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ‘என்ன செய்து பார்த்தீர்கள்? என்ன வரும் என்று நினைத்தீர்கள்?’ என்று நிற்குமே, குப்பைக் கேள்வி வராமலிருக்க வைக்கும் வாசகம், அந்த பிராம்ப்ட்டுக்கு என்ன பெயர்? ‘தூண்டி’ என்று எழுதி வகுப்பில் காட்டினேன். காசிமேட்டுப் பையன் ஒருவன் “வஞ்சிரம் மாட்டுமா சார்?” என்றான். பாடம் அத்தோடு போச்சு.

திருவொற்றியூரிலிருந்து:
தூண்டு, தூண்டில், பையன் சரியாகத்தான் பிடித்திருக்கிறான் தம்பி. சேக்கிழாருக்குத் தில்லையில் ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்களே, அதுதான் அசல் பிராம்ப்ட். ‘அடியெடுப்பு’ என்று வையுங்கள். கந்தபுராணம் பாடக் கச்சியப்பருக்குக் கிடைத்த ‘திகட சக்கர’ இன்னும் சுவையானது, திகழ் என்பதும் தசக்கரம் என்பதும் எப்படி அப்படிப் புணர்ந்தன என்பதற்கு வீரசோழியம் என்ற இலக்கண நூலைத் தேடிப் போகவேண்டியிருந்தது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து:
ஐயா, நம்ம ஆளுக்கு அடியெடுத்துக் கொடுத்தால் அந்த அடியையே அனுப்பிவிடுவான். இது எழுத வைப்பதற்கு இல்லை, ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வைப்பதற்கு. நீளத்தை வைத்துத் தடுக்கவும் முடியாது. நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தலைப்புக்குக் குறைந்தது 15 குறி வேண்டும். அதே கணக்கைத் தமிழில் வையுங்கள்: ‘அவசரம் உதவுங்கள்’ நமக்கு 11 எழுத்து, கணினியின் யுனிகோடு முறை புள்ளியையும் உகரக் குறியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணி 16 என்று உள்ளே விட்டுவிடும். ஒரு விஷயமும் இல்லாத தலைப்பு!

தண்டையார்பேட்டையிலிருந்து:
நன்னூல் இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று வினா ஆறு. ‘வீட்டில் தக்காளி இல்லை, நீ கடைக்குச் செல்கிறாயா?’ என்று பத்தாம் வகுப்பில் நடத்துகிறேனே, கேட்பது போலக் கேட்டு வேலை வாங்குவது. ‘தேடிப் பார்த்தீர்களா?’ என்பதும் அதேதான். ஏவல் வினா. புதுச்சொல்லே வேண்டாம்.

வியாசர்பாடியிலிருந்து:
டீச்சர், பொருள் கச்சிதம். ஆனால் எங்கள் தெருவில் ஏவல் என்றால் எலுமிச்சம்பழத்தோடு வருவது.

பெரம்பூரிலிருந்து:
பேசாமல் ‘முன்கேள்வி’. யாருக்கும் புரியும்.

திருவொற்றியூரிலிருந்து:
கேள்வி என்றால் கேட்டு அறிவது. குறளில் 42ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். வேண்டுமானால் ‘முன்வினா’.

தண்டையார்பேட்டையிலிருந்து:
அவசரத்தில் ‘முன்வினை’ என்று படிப்பார்கள் ஐயா. கேள்வி கேட்க வந்தவனுக்குப் போன பிறவிக் கணக்கைக் காட்டுவானேன். இலக்கணம் என் பக்கம்தான், ஆனாலும் முன்கேள்விக்கே கை தூக்குகிறேன், தூக்கம் வருகிறது.

வியாசர்பாடியிலிருந்து:
மணி ஒன்றரை. மூன்றுக்கு ஒன்று. ‘முன்கேள்வி’ என்றே ஏற்றிவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து:
ஏற்றுங்கள். என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. அப்புறம், அந்தத் திகட சக்கரம்...