கலைச்சொல்: ஒரு நாடு தானே கேட்டு இன்னொரு நாட்டோடு சேர்வது – ‘நாடிணைவு’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு நாடு தானே கேட்டு இன்னொரு நாட்டோடு சேர்வதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன வாரம் நான் கேட்டதற்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலோர் ‘இணைப்பு’ போதும் என்கிறீர்கள். இருவர் ‘கையகப்படுத்தல்’ என்றிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுமே போதவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அதற்கு வரலாற்றுப் பாடங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பாடம் எங்கள் மண்ணைப் பற்றியது. டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தலைநகராக வைத்து 1839ல் நட்டாலியா குடியரசை அமைத்தார்கள். 1843ல் ஆங்கிலேயர் அதை நேட்டால் என்ற தங்கள் குடியேற்றமாக்கிக்கொண்டார்கள். நேட்டால் ஆங்கிலேயர் கைக்குப் போனதால்தான் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் எங்கள் முன்னோர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பாடத்தில் ‘இணைத்துக்கொண்டனர்’ என்று எழுதினேன். பொருந்தியது.

அடுத்த பாடம் டெக்சாஸ். அதிலும் ‘1845ல் அமெரிக்கா இணைத்துக்கொண்டது’ என்றே எழுதிவிட்டேன். படித்த ஒரு மாணவி, அப்படியானால் அங்கேயும் படை வந்து பிடித்ததா என்று கேட்டாள். அவள்மேல் தவறில்லை, என் சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது.

நடந்ததோ நேர் எதிர். மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்தது 1836 மார்ச்சில். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவோடு சேரலாமா என்று வாக்கெடுத்தபோது 3,277 பேர் ஆம் என்றார்கள், 91 பேர்தான் வேண்டாம் என்றார்கள். பிறந்து ஆறு மாதமே ஆன குடியரசு! ஏன் என்று பார்த்தால் காரணங்கள் வெளிப்படையாகவே இருக்கின்றன. மெக்சிகோ அதைத் தனி நாடாக ஏற்கவில்லை. 1842ல் இரண்டு முறை டெக்சாஸின் சான் அன்டோனியோ நகருக்குள் அதன் படை புகுந்தது. கஜானா காலி. தொடக்கத்தில் சுமார் 12.5 லட்சம் டாலராக இருந்த கடன், கடைசியில் ஒரு கோடியை நெருங்கியது. அச்சடித்த நோட்டு டாலருக்குச் சில சென்ட் என்ற நிலைக்கு விழுந்தது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், உறவும் வியாபாரமும் அந்தப் பக்கம்தான். இன்னொன்றையும் பாடத்தில் மறைக்கக் கூடாது: பருத்தித் தோட்டக்காரர்களுக்குத் தங்கள் அடிமை முறைக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. மெக்சிகோ அதை 1829லேயே ஒழித்திருந்தது.

கேட்டதும் கிடைத்துவிடவில்லை. மெக்சிகோவோடு போர் வரும், அடிமை மாநிலங்களின் கை ஓங்கும் என்ற அச்சத்தில் அமெரிக்கா தயங்கியது. 1844 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஜூனில் செனட் 35க்கு 16 என்று தள்ளியது. ஒன்பது ஆண்டு இழுபறி.

எங்கள் பக்கத்துப் போயர் குடியரசான டிரான்ஸ்வாலையும் இதோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் கஜானா காலி, அங்கேயும் போர் அச்சம். 1877 ஏப்ரலில் பிரிட்டிஷ் அதிகாரி ஷெப்ஸ்டோன் சிறு காவல் படையோடு பிரிட்டோரியாவுக்கு வந்து அதைப் பிரிட்டனுக்குச் சொந்தமென்று அறிவித்தார். போயர்கள் மனு மேல் மனு போட்டு எதிர்த்தார்கள், பிறகு போரிட்டு 1881ல் தன்னாட்சியைத் திரும்பப் பெற்றார்கள். நெருக்கடி ஒரே மாதிரிதான். ஒருவர் கேட்டுப் போனார், இன்னொருவரிடம் கேளாமல் எடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் போதும்?

தமிழில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இணைத்தல் பிறவினை, இணைதல் தன்வினை. ஆகவே எடுத்துக்கொள்வது ‘இணைப்பு’, தானே சேர்வது ‘இணைவு’. இதுவரை மதுரை ஐயா மடலில் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் ‘இணைவு’ என்றால் நாடிப் போனது என்ற பொருள் வரவில்லை. இரண்டு நாடுகள் சமமாகக் கலப்பதற்கும் அது பொருந்திவிடும்.

மற்ற சொற்களையும் எடைபோட்டேன். ‘சரணடைவு’ தோற்றவருக்கு. டெக்சாஸ் தோற்கவில்லை. ‘அடைக்கலம்’ என்றால் ஒண்ட வந்தவர் என்றாகிவிடும். டெக்சாஸோ மற்ற மாநிலங்களுக்குச் சமமாக 28வது மாநிலமானது. ‘தாரைவார்ப்பு’ என்றால் விட்டுக்கொடுத்தது தவறு என்று நாமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ‘வேண்டிணைவு’ எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் இங்கே வேண்டுதல் என்றால் காவடி எடுப்பவரின் நேர்த்திக்கடன்தான் நினைவுக்கு வரும், ஒரு கெஞ்சல் தொனியும் சேர்ந்துகொள்ளும். டெக்சாஸ் குடியரசின் தலைவராயிருந்த ஹூஸ்டன் கெஞ்சியவர் இல்லை. பிரிட்டனோடும் பிரான்ஸோடும் உறவு பேசி அமெரிக்காவைப் பதற வைத்தவர். கடைசியில், யாரோடும் சேராதிருந்தால் ஏற்கிறோம் என்று மெக்சிகோவே இறங்கி வந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் 1845ல் அமெரிக்காவே வேண்டும் என்றார்கள். அது தேர்ந்து போனது. அதற்கு ‘நாடு’ (தேடிப் போ) என்ற வினைதான் சரி: நாடு + இணைவு = நாடிணைவு. வினைத்தொகை.

‘நாட்டிணைவு’ என்று திருத்திவிடாதீர்கள். பெயர்ச்சொல்லான நாடு என்றால்தான் அங்கே டகரம் இரட்டிக்கும். அச்சில் இது தவறிப்போகும் என்ற சிங்கப்பூர் அம்மாவின் கவலை நியாயமானது. அப்படித் தவறினாலும் பொருள் அடியோடு மாறிவிடாது என்பதால் துணிகிறேன்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. நாடியது யார்? அந்த 3,277 பேரில் அடிமைகள் ஒருவர்கூட இல்லை, பெண்களும் இல்லை. ஹவாயில் அரசியைக் கவிழ்த்தவர்கள் அமைத்த குடியரசு 1898ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே 21,000க்கு மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். அதையும் வெறுமனே ‘நாடிணைவு’ என்றால் அந்தக் கையெழுத்துகளை அழித்ததாகும். எனவே விளக்கத்தை இப்படி வைக்கலாம்:

நாடிணைவு – ஒரு நாட்டின் ஆட்சியாளரோ வாக்குரிமை பெற்றவரோ கோரியதன்பேரில் அந்நாடு வேறொரு நாட்டின் பகுதியாவது. கோரியவர் யார் என்பதைச் சேர்த்து எழுதுக.

இரண்டாம் வரியை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வினையாக எழுதும்போது ‘நாடி இணைந்தது’ என்று பிரித்தே எழுதலாம், பிள்ளைகளுக்கும் உடனே புரியும். சனிக்கிழமைப் பாடத்தில் அப்படித்தான் போடப்போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து