பூனைக் கதவால் வெளியே போகிறாள், திரும்பி வரமாட்டாளாம்! உதவி தேவை

குசினிவாசல்:
வெள்ளவத்தையில் கீழ்வீட்டில் இருக்கிறோம். பூனைக்குட்டிக்கு நாலரை மாசம். விசர் ஊசி போட்டு, கருத்தடையும் செய்தாச்சு. பின்வளவு மதில் கட்டியது என்ற தைரியத்தில் குசினிக் கதவை வெட்டி ஒரு பூனைக் கதவு பூட்டினோம். காந்தம் வைத்த, ஆடுகிற பிளாஸ்டிக் மூடி. வெளியே போக இரண்டே நாளில் பழகிவிட்டாள். உள்ளே வரத்தான் மாட்டாள். மூடிக்கு முன்னால் குந்தியிருந்து, நாங்கள் பெரிய கதவைத் திறக்கும்வரை கத்துவாள். நேற்றுப் பின்னேரம் மழையில் முழுக்க நனைந்துவிட்டாள். அம்மா, "ஓட்டையை அடைத்துவிடு" என்கிறார்.

தெஹிவளைக்காரன்:
இரண்டு தரம் பிடித்துத் தள்ளிவிடுங்கள், தானாகப் பழகும்.

மூன்றுபூனைக்காரி:
ஐயோ, தள்ளாதீர்கள் தம்பி. எங்கள் மூத்தவளை அப்படித் தள்ளியதற்கு ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை. உள்பக்கம் ஒரு திருகு இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் நாலு நிலை வரும்: போய்வரலாம், வர மட்டும், போக மட்டும், முழுப் பூட்டு. துடைக்கும்போது கை பட்டு "போக மட்டும்" என்று மாறியிருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

குசினிவாசல்:
பார்த்தேன் அக்கா. இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கிறது.

மூன்றுபூனைக்காரி:
அப்படியென்றால் அடிமட்டம் எடுங்கள். தரையிலிருந்து ஓட்டையின் கீழ் விளிம்பு வரை உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?

குசினிவாசல்:
உள்ளே 11 செ.மீ. வெளியே 27! வெளியே ஒரு படி இறக்கம், அதை யோசிக்கவே இல்லை.

மூன்றுபூனைக்காரி:
அதுதான் சங்கதி. பூனை தலையால் முட்டித்தான் மூடியைத் தள்ளும். விளிம்பு அதன் வயிற்று உயரத்தில் இருந்தால் சுலபம். உள்ளே அப்படித்தான் இருக்கிறது. வெளியிலோ அவள் எக்கி நின்று முட்ட வேண்டும், காலுக்குப் பிடிமானம் இல்லை. ஆறு அங்குல உயரச் சீமெந்துக் கல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் ஆடும், பயந்துவிடுவாள். மேலே பழைய கால்மிதி.

பிறகு மூடியை நூலால் முழுக்கத் தூக்கிக் கட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவளை வெளியே விட்டு, நீங்கள் உள்ளே இருந்து கூப்பிடுங்கள். அவித்த சூரை கொஞ்சம் போதும், கருவாடு வேண்டாம், உப்பு. இரண்டு மூன்று நாள் போனதும் நூலைப் பாதிக்கு இறக்குங்கள். கடைசியில்தான் முழுக்க மூடுவது. காந்தம் இறுக்கமாக இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டுங்கள், பிடி தளரும்.

தெஹிவளைக்காரன்:
தள்ளச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று, உங்கள் பக்கம் பின்னேரத்தில் கடல்காற்று மூடியை டக் டக் என்று அடிக்கும். காலையில் பழக்குங்கள்.

குசினிவாசல் (ஒன்பது நாளுக்குப் பிறகு):
வருகிறாள்! கல் போட்ட அன்றே முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்தாள். நூலைப் பாதிக்கு இறக்கியபோது மட்டும் ஒரு நாள் கோபித்துக்கொண்டு கல்லிலேயே படுத்துக் கிடந்தாள். இப்போது மூடி முதுகில் தட்டினாலும் கவலை இல்லை. புதுப் பிரச்சினை: பக்கத்து வீட்டுக் கடுவனும் அதே கல்லில் ஏறி வந்து சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகிறான்.

மூன்றுபூனைக்காரி:
காசு இருந்தால், பூனையின் தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப்பைப் பார்த்து அவளுக்கு மட்டும் திறக்கிற கதவு. இல்லையென்றால் சாப்பாட்டுக் கிண்ணத்தை இரவில் எடுத்து வையுங்கள், அவள் உள்ளே வந்ததும் திருகை முழுப் பூட்டில் விடுங்கள். மரநாயும் வராது.

குசினிவாசல்:
நேற்றிரவு பூட்டினேன் அக்கா. கடுவன் வெளியே இருந்து சுரண்ட, இவள் உள்ளே இருந்து சுரண்ட, அம்மாதான் எழும்பி வந்தார்.