கொண்டையைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்

படத்தைப் பார்த்து மயங்கித்தான் மினோர்கா சேவல் ஒன்றையும் மூன்று பெட்டைகளையும் வாங்கினேன். பச்சை மினுங்கும் கறுப்பு இறகு, பால் வெள்ளைக் காதுமடல், வாளைச் செருகியதுபோல் நிமிர்ந்த செங்கொண்டை. மத்தியதரைக் கடல் தீவின் பெயரைத் தாங்கிய இனம் என்பது தெரியும். எங்கள் குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டி கல்லாக உறையும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

முதல் பனி விழுந்த அன்று இரக்கப்பட்டுக் கூண்டின் சந்துபொந்துகளையெல்லாம் சாக்கு வைத்து அடைத்தேன். காலையில் கதவைத் திறந்தால் கூரையின் உட்புறம் வியர்த்து வடிகிறது, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது. மூச்சிலும் எச்சத்திலும் எழுந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் கொண்டையிலேயே படிந்து உறைந்திருக்கிறது. சேவலின் கொண்டை நுனிகள் வெளிறின, பிறகு கறுத்தன, கடைசியில் காய்ந்து உதிர்ந்தன. பதற்றத்தில் தேய்த்துச் சூடேற்றப் பார்த்தேன். உறைந்த சதையைத் தேய்த்தால் இன்னும் சிதையும் என்பது பின்னால்தான் தெரிந்தது. சேவல் பிழைத்துக்கொண்டது, ஆனால் வசந்தம் வரும்வரை கூவவே இல்லை. (அந்தச் சில மாதங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கோழிகள் அமரும் கட்டைக்கு மேலே இருந்த சந்துகளை மட்டும் திறந்துவிட்டேன். கீழே காற்று அடிக்காத அடைப்பு அப்படியே இருக்கிறது. உருண்டைக் கம்புக்குப் பதிலாக அகலமான தட்டைச் சட்டம் வைத்ததில், விரல்களை நெஞ்சிறகால் மூடிக்கொண்டு உட்காருகின்றன.

மறு ஆண்டு சான்டெக்ளேர் முட்டைகளை வரவழைத்தேன். கனடாவின் கியூபெக்கில் வில்பிரட் சாட்லேன் என்ற துறவி 1908இல் உருவாக்கத் தொடங்கிய இனம் இது. உறைபனி தின்ன எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கொண்டையும் தாடியும் பெயருக்குத்தான் இருக்கின்றன. வழியில் குலுங்கிய முட்டைகளின் ஓட்டுக்குள் இருக்கும் காற்றறை நிலைக்கு வரட்டும் என்று கூர்முனை கீழே இருக்க ஒரு நாள் வைத்துவிட்டு அடையில் இட்டேன். 12 முட்டையில் 5 பொரித்தன, அதில் 3 சேவல்! அழகில் மினோர்காவுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாதவைதான். ஆனால் பனியில் காலாற நடக்கின்றன. உறவுக்குள்ளேயே கலந்து வீரியம் குறையாமல் இருக்க இப்போது வேறு வம்சாவழிச் சேவல் தேடிக்கொண்டிருக்கிறேன். அரிய இனத்தில் அதுதான் பெரும்பாடு.

மறுமொழி

எங்களுக்கு நேர் எதிர். நீங்கள் உதிரவிட்ட அந்தப் பெரிய கொண்டைதான் இங்கே வரம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. பெரும்பாலும் கொண்டை வழியாகவும் இரைப்பு வழியாகவும்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். அது தெரியாமல் கால்வரை இறகு போர்த்திய பிரம்மா இனக் கோழிகளை வாங்கி, கோடை முழுவதும் அவை சிறகை விரித்து வாய் பிளந்து இரைப்பதைப் பார்த்து நொந்துபோனேன். இப்போது இருப்பவை மொட்டைக் கழுத்துக் கோழிகளும் எகிப்தின் பயூமியும். மொட்டைக் கழுத்து பார்க்கப் பாதி உரித்ததுபோல் இருக்கும், வருகிறவர்கள் என்ன நோய் என்று கேட்பார்கள். கழுத்தில் மட்டுமல்ல, உடம்பிலும் இறகு குறைவு, நண்பகலில்கூட மேய்கிறது. பயூமி வெயிலை மதிப்பதில்லை, என்னையும் மதிப்பதில்லை. கையில் சிக்காது, பொழுது சாய்ந்தால் மரத்தின் உச்சியில் இருக்கும்.

மறுமொழி

குளிரும் வெயிலும் இருக்கட்டும், மழையை மறந்துவிட்டீர்கள். சில்கி இனக் கோழியின் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிணைவதில்லை. அதனால் நீரைத் தள்ளாமல் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். தூறலில் நனைந்த ஒரு பெட்டையைத் துண்டால் துடைத்து அடுப்பருகே வைத்தேன். உலர்ந்ததும் நன்றி காட்டவில்லை, நேரே என் செருப்புக்குள் அடைக்கு உட்கார்ந்துவிட்டது.